அங்கீகார இலக்கணம், போலகத்து உரையுடன்

பாயிரம்

காரைக்கால் பக்கத்து எங்கள் ஊரின் பெயரை முதலில் முடித்துவிடுவோம். போல் + அகம் = போலகம்; அதாவது, வீடு போல இருப்பது. இந்தப் பதப்பிரிப்பு என் சொந்தத் தயாரிப்பு, கல்வெட்டில் தேடி யாரும் மெனக்கெட வேண்டாம். ஆனால் பல்கலைக்கழகம் போல இருப்பதையும் பல்கலைக்கழகமாகவே இருப்பதையும் பிரித்துக் காட்ட ஒரு நூல் செய்ய நினைப்பவனுக்கு, பெயரிலேயே 'போல' இருக்கிற ஊரில் குடியிருப்பதைவிட வேறென்ன அருகதை வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. 31 வருஷம் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை அசிங்கமாக ஏமாந்தும் இருக்கிறேன். ஒரு பட்டச் சான்றிதழ் வந்தது. ஹாலோகிராம் மினுங்குகிறது, முத்திரையை விரலால் தடவினால் மேடு தட்டுகிறது, பதிவாளர் கையெழுத்து பச்சை மையில். 'சரிபார்க்கப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டேன். பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண், டீ கிளாசைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்து, "சார், பட்டமளிப்பு விழா ஜூன் 12னு போட்டிருக்கு. மார்க்‌ஷீட்ல கடைசிப் பரீட்சை ஜூன் 27. எழுதுறதுக்கு முந்தியே பட்டம் வாங்கிட்டாரே இவரு" என்றது. இந்த நூல் அன்றைக்குப் பட்ட அவமானத்துக்கு இன்றுவரை ஏறிய வட்டி.

நூலுக்கு எல்லை: வடக்கே அரசலாறு, தெற்கே வாஞ்சூர் சாராயக்கடை. கேட்போர்: பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பளபள நோட்டீசோடு என் திண்ணைக்கு வருகிறவர்கள். பயன்: அவர்கள் கட்டாமல் மிச்சப்படுத்தும் பணம். எனக்கு ஒரு டீ.

போலியியல்

பள்ளிக்கூடத்தில் போலி படித்திருப்பீர்கள். எழுத்து மாறும், பொருள் மாறாது. மஞ்சு மைஞ்சு ஆகும், அமச்சு அமைச்சு ஆகும், பந்தல் பந்தர் ஆகும், ஐந்து அஞ்சு ஆகும். பல்கலைக்கழகப் போலி இதற்கு நேர் தலைகீழ். எழுத்து ஒன்றும் மாறாது, பொருள் மட்டும் காணாமல் போய்விடும். ஆனால் முதல், இடை, கடை, முற்று என்ற நான்கு வகையும் அச்சுப் பிசகாமல் இதற்கும் பொருந்துகின்றன.

முற்றுப்போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். அதற்கு அரசாங்கமே ஜாபிதா போடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, போலிப் பல்கலைக்கழகங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள், டெல்லிக்குத்தான் சிங்கப் பங்கு. படித்தால் பொழுது போகும். தரியாகஞ்சில் கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட். பல்கலைக்கழகத்துக்கு எதற்கு 'லிமிடெட்' என்று கேட்காதீர்கள், எங்கோ ஒரு மூலையில் உண்மை எட்டிப் பார்த்துவிட்டது. கான்பூரில் எலக்ட்ரோ காம்ப்ளெக்ஸ் ஹோமியோபதிக்கு ஒரு தேசியப் பல்கலைக்கழகம். நாக்பூரில் ராஜா அரபிப் பல்கலைக்கழகம். டெல்லியில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம். இந்தப் பெயரில் நிஜமாகவே ஒன்று உண்டு, அது டோக்கியோவில் இருக்கிறது. கேரளக் கணக்கில் நெடுங்காலம் நின்றது கிஷநாட்டம் புனித ஜான் பல்கலைக்கழகம். கேரளத்தில் கிஷநாட்டம் என்று ஓர் ஊரே கிடையாது. ஊரும் போலி, கழகமும் போலி. முற்றுப்போலிக்கு 'ஐந்து, அஞ்சு' சொல்லிக் கொடுத்த என் தமிழய்யா இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கணக்கில் முன்பு திருச்சி புத்தூரில் டி.டி.பி. சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. எங்கள் புதுச்சேரிக் கணக்கில் திலாசுப்பேட்டை வழுதாவூர் சாலை ஸ்ரீ போதி அகாடமி ஆஃப் ஹையர் எஜுகேஷன் வருஷா வருஷம் யுஜிசியின் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கிறது.

இந்தப் பட்டியலால் ஒரு கெடுதலும் உண்டு. இதில் பெயர் இல்லாததெல்லாம் அசல் என்று ஜனம் நினைத்துக்கொள்கிறது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய திருடர் படங்களில் என் படம் இல்லை. அதை வைத்து எனக்கு யாராவது நன்னடத்தைச் சான்று கொடுப்பார்களா? பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கப் பட்டியல். மத்தியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், நிகர்நிலை, மாநிலத் தனியார் என்று யுஜிசி நான்கு ஜாபிதா வைத்திருக்கிறது. 1956ஆம் வருஷத்து யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பட்டம் கொடுக்கும் உரிமை, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உண்டாக்கிய பல்கலைக்கழகத்துக்கும், 3ஆம் பிரிவின்படி நிகர்நிலை ஆக்கப்பட்டதற்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனத்துக்கும்தான். சங்கமாகப் பதிவு செய்தது, டிரஸ்டாகப் பதிவு செய்தது, ஐஎஸ்ஓ 9001 வாங்கியது எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஐஎஸ்ஓ சான்று பிஸ்கட் கம்பெனிக்கும் கிடைக்கும்.

23ஆம் பிரிவு, உரிமையில்லாதவன் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லையே ஒட்டக்கூடாது என்கிறது. மீறினால் 24ஆம் பிரிவில் அபராதம் உண்டு: ஆயிரம் ரூபாய் வரைக்கும். மோசடி வழக்குத் தனியாக வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் கோபம் ஆயிரம் ரூபாயோடு ஆறிவிடுகிறது. வாஞ்சூர் எல்லை தாண்டி ஒரு பெட்டி பிராந்தியோடு பிடிபட்டவனுக்கு வண்டியே போய்விடும். பிரெஞ்சுக்காரன் இந்தச் சொல் விஷயத்தில் நமக்கு மூத்தவன். தனியார் உயர்கல்வி நிறுவனம் தன்னைப் 'பல்கலைக்கழகம்' என்று சொல்லிக்கொள்ளவோ, தான் கொடுக்கும் காகிதத்துக்கு லிசான்ஸ், டாக்டரேட் என்று பெயர் வைக்கவோ கூடாதென்று 1880 மார்ச் 18இலேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்போது போலகம் பிரெஞ்சு மண்.

முதற்போலியில் தலை மட்டும் பொய். 'நேஷனல்', 'இந்தியன்', 'இன்டர்நேஷனல்' என்று தொடங்கி, கேட்டவுடன் ஏற்கெனவே கேட்ட மாதிரி ஒலிக்கும். டெல்லிப் பட்டியலில் இந்தியன் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் என்று ஒன்று நின்றது. பெங்களூரில் 1909 முதல் இருக்கும் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸில் 'இன்ஸ்டிட்யூட்'டை 'இன்ஸ்டிட்யூஷன்' ஆக்கி, கூட இரண்டு சொல் ஒட்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடைப்போலியில் தலையும் உடம்பும் அசல், வால் மட்டும் பொய். மேகாலயத்தில் 2009இல் சட்டமன்றமே சட்டம் போட்டு உண்டாக்கிய சிஎம்ஜே பல்கலைக்கழகம், 2012-13 என்ற ஒரே கல்வியாண்டில் 434 பேருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. ஞாயிறு, தீபாவளி பார்க்காமல் கொடுத்தாலும் நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல். 2014இல் அந்த மாநில அரசே அதைக் கலைத்துவிட்டது. ஆக, சட்டத்தில் பிறந்ததா என்று பார்த்தால் மட்டும் போதாது, நடத்தையையும் பார்க்க வேண்டும். இதைக் கல்யாணத் தரகரிடம் கற்றுக்கொள்ளலாம்.

இடைப்போலிதான் என்னை அதிகம் தூங்கவிடாதது. அந்தப் பக்கம் அசல் பல்கலைக்கழகம், இந்தப் பக்கம் அசல் மாணவன், நடுவே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு 'கல்வி மையம்'. பல்கலைக்கழகத்தின் பெயரை யுஜிசி பட்டியலில் தேடினால் இருக்கும். மாணவன் கட்டிய பணத்துக்கு ரசீதும் இருக்கும். ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கோ கீழே, மையத்தின் பெயர்தான் மேலே. வங்கிக் கணக்கு மையத்தின் முதலாளியம்மா பேரில்.

நிகர்நிலையைப் போலியோடு சேர்த்துவிடக் கூடாது. 'போல' மாதிரியே 'நிகர்' என்பதும் உவம உருபு; ஆனால் சட்டம் அங்கீகரித்த உவமை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபின், 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு அடைப்புக்குறிக்குள் 'நிகர்நிலை' என்று போட்டுக்கொள்ளும்படி யுஜிசி இவர்களுக்கு எழுதியது. உவமேயம் வேறு உவமானம் வேறு என்று இலக்கணம் சொல்லும் அதே பேச்சு. உவமையிலும் தரம் உண்டு என்பது வேறு கதை: 2010இல் மத்திய அரசு, நிகர்நிலைத் தகுதிக்கு லாயக்கில்லை என்று 44 நிறுவனங்களைச் சுட்டியபோது அதில் 16 தமிழ்நாட்டில். அதை வைத்து நீதிமன்றத்தில் வருஷக் கணக்காக இழுபறி நடந்தது.

வேற்றுமையியல்

போன மே மாதம் எதிர்சாரி வீட்டுத் தம்பி வந்தார். போலகம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பின்னால் மகள், கையில் பன்னிரண்டு பக்க நோட்டீஸ். அட்டையில் கோபுரம் மாதிரிக் கட்டடம், அதற்குப் பின்னால் பனிமலை. கல்லூரி இருப்பது நெல் வயலுக்கு நடுவே.

"அண்ணே, பாப்பா நர்சிங் படிக்கணுங்குது. யுஜிசி அங்கீகாரம்னு போட்டிருக்கான். அட்வான்சு முப்பதாயிரம் நாளைக்குள்ள கட்டச் சொல்றான்."

நான் பாப்பாவிடம், எட்டு வேற்றுமையும் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில், ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் பற்றிய பொதுவான இரக்கம் இருந்தது.

ஆனால் அங்கீகாரம் முழுக்க முழுக்க வேற்றுமை உருபில் இருக்கிறது. 'யுஜிசியால் அங்கீகரிக்கப்பட்டது': மூன்றாம் வேற்றுமை, வேலையை யுஜிசி செய்தது. இது ஒன்றுதான் நமக்கு வேண்டியது. 'யுஜிசியை அணுகியுள்ளது': இரண்டாம் வேற்றுமை, போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள், கதவு திறந்ததா என்று இல்லை. 'யுஜிசிக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது': நான்காம் வேற்றுமை, கொடைப்பொருள், கொடுத்தது இவர்கள், யுஜிசி ஒன்றும் கொடுக்கவில்லை. 'லண்டனிலிருந்து தரச்சான்று': ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள், லண்டனை விட்டு நீங்கியதோடு சரி. 'யுஜிசியின் விதிமுறைகளின்படி': ஆறாம் வேற்றுமை, விதிமுறை யுஜிசியுடையது, கல்லூரி யாருடையதோ. எட்டாவது விளி வேற்றுமை, 'யுஜிசியே!' என்பது, பணம் கட்டிய மூன்றாம் வருஷம் பெற்றோர் வாயிலிருந்து வரும்.

ஏழாம் வேற்றுமைக்குத் தமிழ்நாடே உதாரணம் பார்த்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மனித உரிமை, ஊழல் எதிர்ப்பு என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இசையமைப்பாளர் தேவா, யூடியூபர்கள் கோபி, சுதாகர் எல்லோரும் வாங்கினார்கள். வடிவேலுவுக்கு வீடு தேடிப் போனது. மறுவாரமே, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுத்தது. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தில் கொடுக்கப்பட்டது, அண்ணா பல்கலைக்கழகத்தால் கொடுக்கப்படவில்லை. 'இல்'லுக்கும் 'ஆல்'லுக்கும் நடுவில் இருப்பது அரங்க வாடகை.

பாப்பா நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "பெரியப்பா, இதுல உருபே இல்லையே. வெறும் 'யுஜிசி அங்கீகாரம்'னுதான் இருக்கு."

அதுதான் தொகைநிலை. உருபு மறைந்து நின்றால் வேற்றுமைத் தொகை. பொருளை விரிக்கும் சொல்லும் சேர்ந்து மறைந்தால் 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று பரீட்சைக்கு நெட்டுரு போட்டிருக்கிறோம். நோட்டீஸ் எழுதுகிறவர் இதில் மகா வித்துவான். உருபும் மறையும், பயனும் மறையும். தொகை மட்டும் மறையாது, அதை நாளைக்குள் கட்ட வேண்டும்.

பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். பதினோராம் பக்கத்தின் அடியில், கடுகைவிடச் சின்ன நட்சத்திரக் குறி. அதன் பக்கத்தில் சாம்பல் தாளில் சாம்பல் எழுத்தில்: கவுன்சில் அனுமதி எதிர்பார்க்கப்படுகிறது. செயப்பாட்டு வினை. யார் எதிர்பார்க்கிறார், எத்தனை வருஷமாக என்பதற்கெல்லாம் அந்த வாக்கியத்தில் இடமில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். நர்சிங்குக்குப் பல்கலைக்கழகம் ஒரு பூட்டு, கவுன்சில் இன்னொரு பூட்டு. பட்டம் கையில் இருந்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு ஆகாவிட்டால் வார்டுக்குள் நர்சாகக் கால் வைக்க முடியாது. மருந்தாளுநர், வக்கீல், டாக்டர், ஆசிரியர் எல்லாருக்கும் இதே இரட்டைப் பூட்டுதான். இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்து மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரிக்கு நடந்ததை அந்நாட்டுத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டம் வழங்கும் உரிமை 2011இல் அரசாங்கம் கொடுத்தது. மருத்துவப் பேரவை பதிவு செய்ய மாட்டேன் என்றது. நடுவே பிள்ளைகள் நீதிமன்றத்துக்கும் தெருவுக்குமாக அலைந்தார்கள். கடைசியில் கல்லூரியையே மூடி, அவர்களை வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள்.

ஒரு சிறப்பு விதி. பூட்டு இல்லாத இடத்தில் சாவி கேட்கக் கூடாது. தொழில்நுட்பக் கல்விக்கான கவுன்சில், அதாவது ஏஐசிடிஇ, அனுமதி தரவில்லை என்று சொல்லி ஒரு பல்கலைக்கழகத்தைப் போலி என்று முத்திரை குத்துகிறவர்கள் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏஐசிடிஇயிடம் முன்அனுமதி வாங்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. தெரியாமல் சந்தேகப்படுவதும் தெரியாமல் நம்புவதற்கு ஒப்பான குற்றமே.

எல்லையியல்

போலகத்துக்காரனுக்கு இந்த இயல் பிறவி ஞானம். காரைக்கால் புதுச்சேரியுடையது, ஆனால் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். எங்களுக்குச் சொந்தமாகப் பாடத்திட்டம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் புத்தகம், மாஹே கேரளத்துப் புத்தகம், ஏனாம் ஆந்திரத்துப் புத்தகம் என்று நெடுங்காலம் ஓடி, இப்போதுதான் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியிருக்கின்றன. 1985இல் புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் வரும்வரை இங்கத்திக் கல்லூரிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். அதற்கும் முந்திப் பிரெஞ்சு பிரெவே. எதைப் பார்த்தாலும் 'இது யாருடையது, எதுவரைக்கும் செல்லும்?' என்று கேட்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

பிராந்தி பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாஞ்சூரில் உரிமம் பெற்ற கடையில், வரி கட்டி, பில்லோடு வாங்கிய அதே பாட்டில், சில நூறு அடி தெற்கே நாகூர்ப் பக்கம் போனதும் கடத்தல் சரக்கு. உள்ளே இருக்கும் திரவம் ஒரு சொட்டுகூட மாறவில்லை. மாநிலத் தனியார் பல்கலைக்கழகமும் இந்த பாட்டில்தான். ஒரு மாநிலச் சட்டமன்றம் உண்டாக்கியது அந்த மாநிலத்துக்குள்தான் வகுப்பு நடத்தலாம். பக்கத்து மாநில ஜெராக்ஸ் கடை மாடியில் திறந்தால் கடத்தல். 2003ஆம் வருஷத்து யுஜிசி ஒழுங்குமுறை இதற்காகவே வந்தது.

அது வந்த காலத்தை நினைத்தால் சிரிப்பு வரும். சத்தீஸ்கரில் 2002இல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டாலே தனியார் பல்கலைக்கழகம் பிறந்துவிடும். 112 பிறந்தன. பலவற்றுக்கு வளாகம் என்றால் ஓர் அறை. யுஜிசியின் முன்னாள் தலைவரும் விஞ்ஞானியுமான யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரி 11இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை அடித்துவிட்டது. ராத்திரி தூங்கப் போகும்போது அசலாக இருந்தவை காலையில் ஒன்றுமில்லாமல் போயின. சட்டமன்றம் போட்ட சட்டத்தின்கீழ் பிறந்தவைதான், அரசிதழில் அச்சானவைதான்.

அசலின் அசலுக்கும் எல்லை உண்டு என்பதற்குச் சிதம்பரம் போனால் போதும், இங்கிருந்து தரங்கம்பாடி, சீர்காழி வழியாக பஸ். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் நிற்கிறது. அதன் பட்டத்தைச் சந்தேகிக்கிறவனை எங்கள் ஊரில் திண்ணையில் ஏற்ற மாட்டோம். ஆனால் அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 வரைக்கும்தான் என்று யுஜிசி 2022இல் பொது அறிவிப்பு வெளியிட்டது. ஒரே கட்டடம், ஒரே முத்திரை. வகுப்பில் உட்கார்ந்து படித்தவன் பட்டம் செல்லும், அந்த வருஷத்துக்குப் பின் தபாலில் சேர்ந்தவன் பட்டத்தின் மேல் கேள்விக்குறி விழுந்தது. தொலைநிலைக்கு அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக வருவதில்லை. படிப்பு படிப்பாக, கல்வியாண்டு கல்வியாண்டாக வருகிறது, ரேஷன் கார்டில் சர்க்கரை மாதிரி. பொறியியலைத் தபாலில் படித்தவர்கள் கதை இன்னும் பரிதாபம். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைகள் அனுமதியில்லாமல் அப்படிக் கொடுத்த பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2001இலிருந்து 2005க்குள் சேர்ந்தவர்கள், தலை நரைத்து, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வயதில், 2018இல் ஏஐசிடிஇ வைத்த பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

காலவியல்

வினைத்தொகை காலத்தை ஒளித்துவைத்திருக்கும்: ஊறுகாய் என்றால் ஊறியதா, ஊறுகிறதா, ஊறப்போகிறதா தெரியாது. நோட்டீசில் 'நாக் ஏ+' என்று இருப்பதும் அப்படியே. நாக் என்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் போடும் அமைப்பு; அது போடும் தரம் பொதுவாக ஐந்து வருஷத்துக்குத்தான். எந்தச் சுற்று, எந்தத் தேதியில் முடிகிறது என்று நாக் தன் தளத்தில் போட்டிருக்கும், நோட்டீஸ் போடாது. காலாவதியான மருந்தை வாங்காதவர்கள் காலாவதியான தரத்தை வாங்குகிறார்கள்.

எமகண்டவியல்

இனி, தரம் பார்க்கிறவரைத் தரம் பார்ப்பது யார் என்ற பழைய வழக்கு.

எங்கள் கொம்யூனின் தலைமை ஊர் திருமலைராயன்பட்டினம். அங்கே திருமலைராயன் சபையில் அதிமதுர கவியும் அவரோடு பல்லக்கு ஏறிய அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் இருந்தார்கள் என்பது கதை. அத்தனை பேருக்கும் அங்கீகாரம் ராஜாவால், மூன்றாம் வேற்றுமை, சந்தேகமே இல்லை. அந்தச் சபைக்கு வந்த காளமேகப் புலவருக்கு அங்கீகாரம் திருவானைக்கா அகிலாண்டேஸ்வரி வாயில் உமிழ்ந்த தாம்பூலம். சபை அதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்துமூலம் ஏதும் இல்லை. கொதிக்கும் கொப்பரைக்கு மேல் உறியில் உட்கார வைத்து, கேட்டதற்கெல்லாம் பாடச் சொன்னார்கள். அதற்கு எமகண்டம் என்று பெயர். பாடி ஜெயித்தார், ஆசனம் கிடைக்கவில்லை, கோபத்தில் ஊர்மேல் மண்மாரி பெய்யப் பாடிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் மணல் வருவதற்கு இன்றைக்கும் இதைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு.

கதையில் எனக்குப் பிடித்தது, பரீட்சை வைத்தவர்களே போட்டியாளர்கள் என்பது. நம் காலத்து ஏற்பாடும் அதற்கு ரொம்பத் தூரமில்லை. நாக் 1994இல் தொடங்கியது, தலைமையகம் பெங்களூரு. வேறு கல்லூரிப் பேராசிரியர்களும் துணைவேந்தர்களும் குழுவாக வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். நாலுக்கு 3.51 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ++, ஒன்றரை அல்லது அதற்குக் கீழே என்றால் தரமே இல்லை. அவர்கள் வரும் வாரம் கல்லூரிக்கு வெள்ளையடித்திருக்கும், பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்திருக்கும், நூலகத்தில் மாணவர்கள் இருப்பார்கள். 2025 பிப்ரவரியில் குண்டூர்ப் பக்கம் ஒரு நிகர்நிலைக்கு நல்ல தரம் போட லஞ்சம் வாங்கியதாக, வந்திருந்த ஆய்வுக்குழுவின் தலைவரையும் உறுப்பினர் பலரையும் சிபிஐ கைது செய்தது. பிடிபட்டது ரொக்கம், லேப்டாப், ஐபோன். இங்கே கொப்பரையில் என்ன கொதிக்கிறது என்று பரீட்சை எழுதுகிறவரே தீர்மானிக்கிறார்.

ஆனாலும் நாக் தரம் வேறு, பட்டம் கொடுக்கும் உரிமை வேறு. தரம் குறைந்த அசல் உண்டு; அதில் படித்தவன் பட்டம் செல்லும். என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசையின் எண்ணும் அப்படியே; வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும், உரிமை இருக்கிறதா என்று சொல்ல வந்ததல்ல.

வெளிநாட்டில் இந்த வித்தை முதிர்ந்துவிட்டது. பட்டம் விற்கிறவன் பக்கத்துச் சந்தில் தரச்சான்று நிறுவனம் ஒன்றையும் தானே தொடங்கிவிடுகிறான். 'எங்களுக்கு அங்கீகாரம் உண்டு' என்பான். உண்மைதான், மைத்துனர் கொடுத்திருப்பார். அமெரிக்காவில் அதனால்தான் சான்றளிக்கும் அமைப்பைக் கல்வித்துறை அங்கீகரித்திருக்கிறதா என்று ஒரு படி மேலே ஏறிப் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் படியும் ஒருமுறை வழுக்கியது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. இணையதளம் உண்டு, முத்திரை உண்டு, முறையான தேசியச் சான்றமைப்பின் பட்டியலில் பெயர் உண்டு. வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது. நடத்தியது அமெரிக்கக் குடியேற்றப் போலீஸ், விசா மோசடியைப் பிடிக்கப் போட்ட தூண்டில். 2019 ஜனவரியில் முதல் சுற்றில் கைதான 130 மாணவரில் 129 பேர் இந்தியர். சிலர் தெரிந்தே போனவர்கள். மற்றவர்கள் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். பட்டியலில் பெயர் இருந்ததென்னவோ நிஜம். அங்கீகாரம் அசல், பல்கலைக்கழகம் போலி: என் போலியியலில் இதற்கு ஐந்தாவது வகை திறக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முத்திரையியல்

சிங்கப்பூருக்குப் போகிற பிள்ளைகள் 'அப்போஸ்டில் ஆயிடுச்சு மாமா' என்று சான்றிதழைக் காட்டுகிறார்கள். அப்போஸ்டில் என்ற முத்திரை, கையெழுத்து அந்த அதிகாரியுடையதுதான் என்று சொல்லும். எதில் கையெழுத்துப் போட்டார் என்பது அதன் கவலையில்லை.

புறனடை

சொல்லாமல் விட்டதைச் சொல்லியதைக் கொண்டு முடித்துக்கொள்க என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் தம்பி விடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, நோட்டீசில் இருந்த நம்பருக்கு அடித்தார். எடுத்தவர் குரலில் அப்படி ஒரு பாசம்.

"சொல்லுங்க சார், பாப்பா அட்மிஷன்தானே? சீட்டு ரெண்டுதான் இருக்கு."

"அங்கீகாரம் இருக்கா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"ஃபுல் அங்கீகாரம் சார்."

பாப்பா போன் பக்கம் குனிந்தது. "யாரால?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாராலன்னா... எல்லாராலயும்தாம்மா."

தம்பி என் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் வேற்றுமைதான். உருபில் பிழை சொல்ல முடியாது.